வௌவால் வீட்டுச் சமையல்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் திண்ணையைக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு குப்பை நன்றாகப் பழக்கம். விரல் நுனி அளவில், தட்டையாக, உலர்ந்து கிடக்கும் நார் உருண்டைகள். பக்கத்திலேயே பாதி கடித்த கொய்யா, சதை சுரண்டப்பட்ட நாவல் கொட்டை, சுவரில் வழிந்து காய்ந்த பழுப்புக் கோடுகள். நிமிர்ந்து பார்த்தால் உத்தரத்தில் ஒன்றும் இருக்காது. வந்தது இரவோடு இரவாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கும்.

"விடிஞ்சா இதைக் கூட்டுறதே வேலையாப் போச்சு சார். மரத்துல இருக்கிற பழத்தை மரத்துலயே தின்னுட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் இங்க தூக்கினு வந்து துப்புது?" என்று கேட்டார் ஒரு பாட்டி. கேட்டது சலிப்பில்தான். ஆனால் அதற்குள் உயிரியல் கேள்விகள் இரண்டு இருக்கின்றன. ஏன் தூக்கிக்கொண்டு வருகிறது? பசியோடு வந்த விலங்கு, வாயில் போட்டதை ஏன் துப்புகிறது? இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் அந்த விலங்கின் உணவு முழுவதும் புரிந்துவிடும். அது உண்பதைப் போலவே அது வேண்டாம் என்று விடுவதும் இந்தக் காட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் புரியும்.

விலங்கின் பெயர் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால். அறிவியல் பெயர் சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ். ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு பகலெல்லாம் இரைச்சல் போடும் பெரிய வௌவால் வேறு. இது சிறியது. வளர்ந்த ஒன்று ஏறக்குறைய 40 முதல் 50 கிராம் இருக்கும். பழுப்பு நிறம், நாய்க்குட்டி முகம், பெரிய கண்கள், வெள்ளை விளிம்பு கட்டிய காதுகள். இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் காடு, தோப்பு, நகரம் என்று எங்கும் உண்டு. பனை ஓலைக்கு அடியிலும் நெட்டிலிங்க மரத்திலும் அடர்ந்த கொடிகளுக்குள்ளும் பகலில் தங்கும். ஆண் வௌவால் தண்டுகளையும் இலைகளையும் கடித்து வளைத்துக் கூடாரம் கட்டிப் பெண்களை அழைத்துக்கொள்ளும். பாளையங்கோட்டை ஆய்வாளர்கள் 1990களில் இதைப் பொறுமையாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

இனி சமையலறைக்குள் போவோம். தேங்காய்ப்பால் எடுக்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காயைத் தேர்ந்து வாங்கி, உடைத்து, துருவி, அம்மியில் நசுக்கி, துணியில் கட்டிப் பிழிகிறோம். பால் பாத்திரத்துக்கு, சக்கை வெளியே. பழந்தின்னி வௌவாலின் உடம்பு இதே வரிசையில்தான் இயங்குகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. இந்தச் சமையலறை பறக்க வேண்டும். அடுப்பு, அம்மி, பாத்திரம், தண்ணீர், குப்பை அத்தனையையும் இறக்கையில் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் போக வேண்டும். பறப்பதற்கு ஆகும் சக்தி, சும்மா தொங்குவதற்கு ஆவதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு கிராமுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே இந்த வீட்டில் முதல் சட்டம்: கனமானதையும் உடனே பயன்படாததையும் உள்ளே விடாதே. தவறி உள்ளே வந்துவிட்டால் சீக்கிரம் வெளியே தள்ளு.

கொள்முதல்

சந்தையில் பழம் வாங்குகிறவர் முகர்ந்து பார்த்து வாங்குவார். வௌவாலும் அப்படித்தான். பூச்சி தின்னும் வௌவால்கள் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டு இரையைக் கண்டுபிடிக்கும். பழம் ஓடாது, ஒளியாது. மாறாக, பழுத்ததும் தானே மணம் பரப்பி அழைக்கும். அதனால் இந்த வௌவால் மூக்கையும் கண்ணையும் நம்புகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜி. மாரிமுத்துவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் இந்த இனத்தோடு இரவுகளைக் கழித்தவர்கள். பழங்களின் மணத்தை இது பிரித்தறியும் என்பதை அவர்களுடைய சோதனைகள் காட்டின. காய்க்கும் கனிக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சமையலறைக்கு உயிர்ப் பிரச்சினை. காயில் மாவுச்சத்தும் துவர்ப்பும் நாரும் அதிகம். அவற்றை உடைக்க நேரம் பிடிக்கும், பெரிய பாத்திரமும் வேண்டும். கனியில் அந்த வேலையை மரமே பெரும்பாலும் முடித்துவிட்டது. மாவு சர்க்கரையாகியிருக்கும், சதை இளகியிருக்கும். சமைத்ததை வாங்கி வந்து பிழிவது மட்டுமே மிச்சம்.

மாரிமுத்துவின் குழு கண்டறிந்த இன்னொரு செய்தி ஜவ்வாது மலையோடு நன்றாகப் பொருந்துகிறது. நிலா பிரகாசமாக இருக்கும் நேரத்தில் இந்த வௌவால்கள் இரை தேடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. கனிந்த மரத்தைச் சுற்றி ஆந்தையும் பாம்பும் காத்திருக்கும். வெளிச்சத்தில் பறந்தால் உயிருக்கு ஆபத்து. இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் வானியலாளர்கள் இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய அதே இருட்டு பழந்தின்னிக்கும் வேண்டியிருக்கிறது. மலைச்சாலைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் வெள்ளை எல்இடி விளக்குகளைப் பார்க்கும்போது இந்த இரண்டு பேரையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறேன்.

பாட்டியின் முதல் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. கனிந்த அத்தி மரம் இரவில் ஆபத்தான இடம். வேட்டையாடிகள் மட்டுமல்ல, மற்ற வௌவால்களும் அங்கே மோதிக்கொண்டிருக்கும். ஒரு பழத்தைப் பொறுமையாகப் பிழிந்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் அங்கே தொங்கிக்கொண்டிருப்பதைவிட, பழத்தைக் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் பறந்து, ஆந்தை நுழையாத ஓலையடியிலோ கூரையடியிலோ தொங்கி நிம்மதியாகச் சாப்பிடுவது மேல். தின்று முடித்ததும் மறுபடி மரத்துக்குப் போகும், மறுபடி திண்ணைக்கு வரும். ஒரே இரவில் இப்படிப் பல நடைகள். பாட்டி வீட்டு உத்தரம் அந்த வௌவாலுக்குப் பந்தி இடம். தூங்குமிடம் வேறெங்கோ இருக்கிறது.

அம்மியும் துணியும்

தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கால் ஒன்றால் பிடித்துக்கொண்டு, பழத்தைக் கட்டைவிரல்களாலும் மணிக்கட்டாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். கோரைப்பல் தோலைக் கிழிக்கும். அது தேங்காய் உடைக்கும் வேலை. கடைவாய்ப் பற்கள் பூனையின் பற்களைப்போலக் கூராக இராது. தட்டையாக, அகலமாக, நடுவே குழிந்திருக்கும். இறைச்சியை வெட்டும் அமைப்பல்ல, சதையை நசுக்கும் அமைப்பு. இது அம்மி.

பிழியும் வேலை அதற்குப் பிறகுதான். நம் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தால் முன்பக்கம் சில வரிமேடுகள் தட்டுப்படும். பழந்தின்னி வௌவாலின் மேலண்ணத்தில் அந்த மேடுகள் எடுப்பானவை, வாயின் முன்னிருந்து பின்வரை குறுக்கே ஓடுபவை. தடித்த நாக்கு நசுங்கிய சதையை அந்த மேடுகளின்மேல் வைத்து அழுத்தும். சாறு பிரிந்து தொண்டைக்குள் போகும். நார் மட்டும் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே தங்கும். திரும்பவும் ஒரு அழுத்தம், இன்னும் கொஞ்சம் சாறு. தேங்காய்த் துருவலில் முதற்பாலுக்குப் பிறகு இரண்டாம் பால் எடுப்பதுபோல, ஒரே வாய்ச் சதையைப் பலமுறை பிழிந்துவிட்டுத்தான் சக்கையைத் துப்பும்.

துப்பியதை ஒருமுறை கையில் எடுக்காமல் குச்சியால் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் குழிவாக இருக்கும், அது நாக்கின் பக்கம். மறுபக்கம் சற்றே மேடாக, குறுக்குக் கோடுகள் பதிந்திருக்கும். அந்தக் கோடுகள்தான் மேலண்ணத்தின் அச்சு. புதிதாக விழுந்ததாக இருந்தாலும் குச்சியால் அழுத்திப் பார்த்தால் ஈரம் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். எந்தப் பழம் என்று நிறத்தையும் நாரையும் வைத்துச் சொல்லிவிடலாம். கொய்யாவின் சக்கை வெளிறி மணல்மணலாக இருக்கும், நாவலுடையது கருஊதா, அத்தியுடையது பழுப்பில் சின்னச் சின்ன விதைகள் பதிந்தது. ஒரு வாரம் தினமும் கவனித்தால் அந்தப் பகுதியில் எந்த மரம் கனிந்திருக்கிறது என்ற பட்டியலே கிடைத்துவிடும். ஆய்வாளர்களும் இந்தச் சக்கைகளைச் சேகரித்துத்தான் வௌவால் எதைத் தின்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

குச்சியால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வௌவால் கடித்த பழத்தை உண்ணக்கூடாது, அதன் எச்சில் பட்ட சக்கையை வெறும் கையால் எடுக்கவும் கூடாது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது பெரிய பழந்தின்னி வௌவால்களில் அந்த வைரஸ் இருப்பதைத் தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது. அதற்காகத் திண்ணைக்கு வரும் வௌவாலைக் கல்லெறிந்து விரட்டத் தேவையில்லை. கடிபட்ட பழத்தைத் தூக்கி எறிவது, மற்றப் பழங்களைக் கழுவி உண்பது, துடைப்பத்தால் கூட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, இவை போதும். கலைத்து விரட்டப்பட்டு அலைக்கழியும் வௌவாலைவிட, தொந்தரவில்லாமல் தன் மரத்தில் தொங்கும் வௌவால்தான் நமக்கும் பாதுகாப்பு.

புளிக்க வைக்கும் பானை இல்லாத வீடு

நார்ச்சத்து நிறைந்த உணவை உண்ணும் விலங்குகள் வயிற்றில் ஒரு பெரிய பானையை வைத்திருக்கின்றன. மாட்டுக்கு இரைப்பையின் முதல் அறை, முயலுக்குப் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை. உணவை அங்கே ஊறப்போட்டு, நுண்ணுயிர்களை விட்டுப் புளிக்க வைத்து, நாரிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளெல்லாம் ஊறும் மாவுப்பானையைச் சுமந்துகொண்டு பறக்க முடியாது. பழந்தின்னி வௌவாலின் குடலில் அந்தப் பை கிடையாது. நாரை உள்ளே எடுத்தால் அதை உடைக்க ஆளில்லை, சுமையாக மட்டும் கிடக்கும். துப்புவதற்கு முதற்காரணம் இதுதான். கழுத்து வழியே போகும் உணவுக்குழாயும் குறுகலானது, திரவத்தையும் அத்தி விதை போன்ற பொடிகளையும் மட்டும் விடும். வடிகட்டியின் கண் அளவு அவ்வளவுதான்.

உள்ளே போன சாறும் அதிக நேரம் தங்குவதில்லை. வாயில் போனது வெளியே வருவதற்குப் பழந்தின்னி வௌவால்களில் பொதுவாக 30 நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகிறது. மனிதனுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஓர் இரவில் தன் உடல் எடைக்கு ஈடான, சில வேளை அதற்கும் அதிகமான பழத்தை இது கையாள்கிறது என்றால், சாறு இப்படிப் பாய்ந்து ஓடினால்தான் முடியும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பறக்கும் விலங்குகளின் சிறுகுடல், அதே எடையுள்ள பறக்காத பாலூட்டிகளின் குடலைவிடச் சிறியது. குடலும் சின்னது, சாறு ஓடும் வேகமும் அதிகம் என்றால் சர்க்கரையை எப்படி உறிஞ்சி எடுப்பது? நம் குடலில் சர்க்கரை பெரும்பாலும் செல்களின் வாசல் வழியே, ஒரு வாயிற்காவலர் கைப்பிடித்து அழைத்துப் போவதுபோல உள்ளே போகிறது. அதற்கு நேரமும் சக்தியும் வேண்டும். வௌவாலின் குடலில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள இடுக்கில் சர்க்கரை கசிந்து நேரே இரத்தத்துக்குள் போகிறது, துணியின் இழைகளுக்கு இடையே தேங்காய்ப்பால் இறங்குவதுபோல. பழந்தின்னி வௌவால்களிலும் சிறு பறவைகளிலும் இந்தக் கசிவு பறக்காத விலங்குகளைவிட மிக அதிகம் என்று 2007இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சிறிய குடலின் குறையை இந்தக் கசிவு ஈடுகட்டுகிறது.

துணியின் இழை தளர்வாக இருந்தால் பாலோடு வேண்டாததும் இறங்கும். இடுக்கு வழியே சர்க்கரை கசியுமானால் தண்ணீரில் கரையும் நச்சுப் பொருள்களும் கசியலாம். எனவே, நல்ல கனியையே தேர்ந்தெடுப்பதும், துவர்ப்பு நிறைந்த தோலையும் நாரையும் வாயிலேயே பிரித்துத் துப்புவதும் வெறும் எடைக் குறைப்பு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது. வாசலில் கவனமாக இருக்கிற வீட்டில்தான் உள்ளே கதவுகளைத் திறந்து வைக்க முடியும்.

இவ்வளவு சர்க்கரை இவ்வளவு வேகத்தில் இரத்தத்தில் இறங்கினால் மனிதனுக்குச் சர்க்கரை நோய்தான். வௌவாலுக்கு ஏன் இல்லை? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்து ஆய்வாளர்கள் 2024இல் ஜமைக்காவின் பழந்தின்னி வௌவாலையும் பூச்சி தின்னும் ஒரு வௌவாலையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பழந்தின்னிகள் நம் ஊர்ப் பழந்தின்னிகளுக்கு நெருங்கிய உறவில்லை. தனியாகவே பழ உணவுக்கு மாறியவை. ஆனாலும் சிக்கல் ஒன்றே. ஜமைக்கா வௌவாலின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் கூடுதலாக இருந்தன. சிறுநீரகமும் மாறியிருந்தது. பழத்தில் தண்ணீர் மிகுதி, உப்பு குறைவு. எனவே தண்ணீரை வெளியேற்றி உப்பைப் பிடித்து வைக்கும் செல்கள் அதிகம். நீரிழிவுக்கு மருந்து தேடுகிறவர்கள் வௌவாலின் கணையத்தை இவ்வளவு ஆர்வமாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

வெளியேற்றும் நேரத்தில் வௌவால் தலைகீழாக இருப்பதை விட்டு, கட்டைவிரல் நகங்களால் தொங்கிக் காலைக் கீழே விட்டுக்கொள்ளும். தன்மேல் படாமல் கழிக்க அதுதான் வழி. பறந்துகொண்டேயும் கழிக்கும். திண்ணைச் சுவரில் காணும் கோடுகளில் பாதி இந்தக் கணக்கு.

சாறு மட்டும் போதுமா?

பழச்சாற்றில் சர்க்கரை தாராளம். புரதம் மிகச் சொற்பம், சுண்ணாம்புச் சத்தும் பல பழங்களில் குறைவு. பெண் வௌவால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு குட்டி ஈனும். வயிற்றிலும் பாலிலும் குட்டியின் எலும்பை வளர்க்க வேண்டும், அந்தக் குட்டியைச் சுமந்துகொண்டு பறக்கவும் வேண்டும். சர்க்கரைத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் நடக்காது.

பூச்சியைப் பிடித்துத் தின்றால் தீர்ந்துவிடும் பிரச்சினைதான். ஆனால் இந்த வௌவால் பெரும்பாலும் வேறு வழியைத் தேர்ந்தது. இலைகளைக் கடித்து, அதே அம்மியில் நசுக்கி, அதே மேலண்ணத்தில் பிழிந்து, பச்சைச் சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்புகிறது. இலையை விழுங்கிச் செரிக்கப் பானை வேண்டும். சாற்றுக்கு வேண்டாம். இலையில் கரையும் புரதமும் தாதுக்களும் சாற்றோடு வந்துவிடும். இது தின்னும் பழங்களையும் இலைகளையும் வேதியியல் முறையில் சோதித்துத் தென்தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இலையுணவு தற்செயலான கொறிப்பு அல்ல, சத்துக் கணக்கோடு நடப்பது என்று காட்டியது. திண்ணையில் எப்போதாவது பச்சைச் சக்கை கிடந்தால் அதைக் கூர்ந்து பாருங்கள். அது கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ விட்டுப் போனதாகவும் இருக்கலாம்.

இன்னொரு வழி பூ. இலவம் மரம் இலையுதிர்த்துப் பூக்கும் பருவத்தில் வௌவால்கள் அதன் தேனைக் குடிக்கும். முகத்திலும் நெஞ்சு மயிரிலும் மகரந்தம் அப்பிக்கொள்ளும். பிறகு தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது அந்த மகரந்தம் வயிற்றுக்குள் போகும். மகரந்தத்தில் புரதம் உண்டு.

ஆனால் நம் பக்கத்து விருந்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது இலுப்பைப் பூ. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னதை வௌவால் அட்சரம் பிசகாமல் செய்கிறது. மாசி, பங்குனியில் இலுப்பை பூக்கும். அதன் அல்லி வட்டம் மற்றப் பூக்களைப்போல மெல்லிய இதழ் அல்ல. தடித்து, சாறு நிறைந்து, சர்க்கரை மிகுந்த ஒரு சிறு குமிழ். சூல்தண்டு முதலில் நீண்டு வெளியே தெரியும். அப்போது பூவின் பெண் பாகம் மகரந்தத்தை ஏற்கும் பருவம். அல்லி வட்டம் கனிந்து கழலத் தயாராவது அதன் பிறகு. வௌவால் வந்து கொத்தில் தொற்றிக்கொண்டு கழலும் அல்லியைக் கவ்வி இழுக்கும். இழுக்கும்போது முகமும் நெஞ்சும் அக்கம்பக்கத்துப் பூக்களின்மேல் தேய்கின்றன. ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவின் சூல்தண்டில் படுகிறது. அல்லி போனாலும் சூல் கிளையிலேயே இருக்கும், பின்னர் அது காயாகும். வௌவால் தின்பது மரம் கொடுத்துவிடத் தீர்மானித்த பாகத்தை மட்டும்தான். தென்னிந்தியாவில் இலுப்பை மரங்களின்கீழ் இரவிரவாக உட்கார்ந்து மாரிமுத்துவின் குழு இதைப் பதிவுசெய்து 2009இல் வெளியிட்டது. குறுமூக்கு வௌவாலோடு குகைகளில் வாழும் பழந்தின்னியும் ஆலமரத்துப் பெரிய வௌவாலும் அந்த மரங்களுக்கு வந்து போயின.

கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம் இலுப்பை. இப்போது ஊருக்கு ஊர் அருகிக்கொண்டிருக்கிறது. ஒரு பழைய இலுப்பை சாய்ந்தால் மரம் போனது மட்டும் தெரிகிறது. கோடை தொடங்கும் காலத்தில் பல மரங்கள் காய்ந்து நிற்கும்போது ஒரு வௌவால் கூட்டத்தின் உணவுப் பட்டியலில் ஒரு மாதம் காலியாகிவிட்டது என்பது தெரிவதில்லை. மற்ற மாதங்களில் மாற்று உண்டு. வைகாசி, ஆனியில் மா, அதை ஒட்டி நாவல், மழைக்காலத்தை நெருங்கச் சீத்தா, கொய்யா. இவை எல்லாவற்றுக்கும் இடைவெளியை நிரப்புவது அத்தி, ஆல், அரசு என்ற அத்திக் குடும்பம். ஒரே காட்டில் ஒவ்வொரு மரமும் வெவ்வேறு நேரத்தில் கனியும் என்பதால் ஏதாவது ஒரு மரம் ஏதாவது ஒரு மூலையில் பந்தி விரித்திருக்கும்.

குப்பைத் தொட்டியில் முளைப்பது

சக்கையோடு கதை முடிவதில்லை. தேங்காய்ப்பால் எடுக்கும் வீட்டில் சக்கை எருக்குழிக்குப் போகும். வௌவால் வீட்டில் கழிவு இரண்டு வழியாக வெளியேறுகிறது, இரண்டும் வெவ்வேறு மரங்களுக்கு உதவுகின்றன.

பொடி விதை முதலில். அத்திப் பழத்தில் நூற்றுக்கணக்கான சிறு விதைகள். சிலது சக்கையோடு துப்பப்படும். பல சாற்றோடு வடிகட்டியில் நழுவி உள்ளே போய்விடும். குடல் அவற்றை அரைப்பதில்லை. அரை மணிக்குள் எச்சமாக வெளியே வந்துவிடும், பெரும்பாலும் பறக்கும்போதே. பாறையிடுக்கு, காய்ந்த மரத்தின் பொந்து, பாழடைந்த சுவர், வெட்டவெளி என்று எங்கும் விழும். ஆலும் அரசும் தரையில் முளைக்காமல் இன்னொரு மரத்தின் கவட்டில் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவைகளோடு சேர்ந்து வௌவால்களும் செய்த வேலை அது.

அரை மணி நேரத்தில் வெளியேறிவிடுமானால் விதை அதிக தூரம் போகாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1999இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சரியாக நம் திண்ணைக்கு வரும் இதே குறுமூக்கு வௌவால் இனத்தை வைத்துச் சோதித்தார்கள். இரவில் சாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் கடைசியாக உண்டது மட்டும் பகல் முழுவதும் குடலிலேயே தங்குகிறது. மாலையில் தங்குமிடத்தை விட்டுக் கிளம்பும் வௌவால்களைப் பிடித்துப் பார்த்தால், அன்று எதுவும் தின்னாமலே அவற்றின் எச்சத்தில் விதைகள் இருந்தன. 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே கிடந்த அத்தி விதைகளும் முளைத்தன. அடுப்பை அணைத்துவிட்டு மீதியைப் பாத்திரத்திலேயே மூடி வைப்பதுபோல, பகலில் குடல் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் பெரிது? 1883இல் சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது அந்தத் தீவுகளில் இருந்த காடு முழுவதும் அழிந்தது. பிறகு கடலைத் தாண்டி விதைகள் வந்து காடு மறுபடி எழுந்தது, அதில் அத்தி இனங்களுக்குப் பெரிய பங்கு. காற்றிலும் நீரிலும் வர இயலாத அத்தி விதை ஜாவாவிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் எப்படிக் கடலைக் கடந்தது என்பதற்கு இந்த 12 மணி நேரம் ஒரு விடை தருகிறது. ஜவ்வாது மலையில் கடல் இல்லை. ஆனால் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு நடுவே சாமை வயலும் தார்ச்சாலையும் வெட்டவெளியும் உண்டு. பல காட்டுப் பறவைகள் கடக்கத் தயங்கும் வெளியை வௌவால் இருட்டில் சாதாரணமாகக் கடக்கிறது.

இவ்வளவு வேலை செய்யும் பழந்தின்னி வௌவால்களை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எலி, காகத்தோடு சேர்த்து ஐந்தாம் பட்டியலில், தீங்கு செய்யும் உயிர்கள் என்று வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற நிலை. தேனி மாவட்ட மலைகளில் முதலில் கண்டறியப்பட்ட சாலிம் அலி பழ வௌவாலை 2006இல் அந்தப் பட்டியலிலிருந்து மீட்கவே தனி முயற்சி தேவைப்பட்டது. அந்தப் பட்டியலே 2022இல் நிறைவேறிய திருத்தத்தில்தான் நீங்கியது. 50 ஆண்டுகள் அது நீடித்ததற்கு ஒரே காரணம், கொய்யாத் தோப்பில் கடித்த பழத்தை எண்ணினோம், காட்டில் முளைத்த மரத்தை எண்ணவில்லை என்பதுதான். தோப்புக்காரருடைய இழப்பு உண்மையானது, அதை மறுக்க மாட்டேன். வலையைச் சரியாக இழுத்துக் கட்டினால், வௌவால் சிக்கிச் சாகாமலே பெரும்பகுதி பழத்தைக் காப்பாற்ற முடியும்.

இரண்டாவது வழி பெரிய கொட்டைகளுடையது. நாவல், நாட்டு வாதுமை, இலுப்பை போன்றவற்றின் கொட்டை வடிகட்டியில் நுழையாது. சதையைச் சுரண்டிவிட்டுப் பந்தி இடத்தின் அடியில் போட்டுவிடும். தாய்மரத்தின் நிழலில் விழுந்தால் ஒரே கூட்டமாக முளைத்து, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒரே இடத்தில் இரையாகும். சில பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலே அந்த நெரிசலிலிருந்து தப்பிக்க ஒரு வாய்ப்பு. பனைமரத்தடியில், சம்பந்தமே இல்லாத இடத்தில், நாவல் கன்றுகள் கொத்தாக நிற்பது இதனால்தான்.

பலா மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. ஜவ்வாது மலையில் வீட்டுக்கு வீடு பலா இருக்கிறது, வௌவாலும் வெடித்த பழத்துக்கு வந்து சுளையைச் சுரண்டித் தின்னும். ஆனால் பழத்தைத் தூக்க அதனால் முடியாது, கொட்டையை விழுங்கவும் முடியாது. பலாவின் விதை மலையில் நகர்வதற்கு அதைவிடப் பெரிய வாயும் பெரிய வயிறும் கொண்ட விலங்குகள் வேண்டும், அல்லது மனிதர்கள் வேண்டும்.